ஓதுவார் அப்பாவின் குரலை வீட்டிலேயே பதிவு செய்ய: எந்த மைக், எந்த ஹெட்போன்? (பட்ஜெட் 30,000)

கீழவீதி | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அப்பா 38 வருஷம் கோயில்ல ஓதுவாரா இருந்து ஓய்வு வாங்கினவர். இப்போ 74 வயசு. மேல் பஞ்சமத்துல முன்னாடி நின்ன அளவுக்கு இப்போ மூச்சு நிக்கறதில்ல, அது அவருக்கும் தெரியும். அவருக்குப் பாடமா இருக்கிற தேவாரப் பதிகங்களைப் பண் வாரியாப் பதிவு பண்ணி வைக்கணும்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டே இருக்கேன். இந்த வருஷம் கண்டிப்பாச் செஞ்சாகணும்.

போன்ல எடுத்துப் பார்த்தேன். கிணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி இருக்கு. கையில வெண்கலத் தாளம் (சின்ன ஜால்ரா) போட்டுக்கிட்டுத்தான் பாடுவார், அந்தத் தாளச் சத்தம் குரலை விட முன்னாடி வந்து நிக்குது.

அறை மாடியில இருக்கு. 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. மொசைக் தரை, ஒரு ஜன்னல், ஒரு மர பீரோ, சீலிங் ஃபேன். கடையில கேட்டதுக்கு ஒரு கண்டென்சர் மைக் (மெல்லிய சத்தத்தையும் நுணுக்கமாப் பிடிக்கற வகை), ஸ்டாண்ட், சுவத்துல ஒட்ட ஒரு இன்ச் ஃபோம், பதிவைக் கேட்டுப் பார்க்க ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர்னு பில் போட்டுக் காட்டினாங்க. பட்ஜெட்டைத் தாண்டுது. அப்பா சுருதி 1 கட்டை (கீபோர்டுல C). எதை முதல்ல வாங்கணும், எது இப்போ வேண்டாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10.15

அக்கா, யோசிக்காம ஏடி2020 இல்லன்னா ரோட் என்டி1, ரெண்டுல ஒரு கண்டென்சர் எடுத்துடுங்க. நான் மூணு வருஷமா கவர் சாங் பண்றேன், என் குரலுக்குக் கண்டென்சர் மாதிரி எதுவும் வரல. ஓதுவார் குரல்ல எவ்வளவு நுணுக்கம் இருக்கும், அதையெல்லாம் டைனமிக் வகை மைக் முழுங்கிடும். எஸ்எம்58 அந்த டைனமிக் வகை மேடை மைக். வீட்டுக்கு அது எதுக்கு?

பதிவறை | திங்கள், காலை 6.05

கீழவீதி அம்மா, பணத்தை இன்னும் ஒரு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடமாகக் குரல் பதிவு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன "கிணறு" போனால் வந்த குறை இல்லை. அது உங்கள் அறை. அதே அறையில் எவ்வளவு விலை மைக் வைத்தாலும் அதே கிணறுதான், இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

அறை நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். "டர்ர்ர்" என்று ஒரு வால் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். மொசைக் தரைக்கும் கான்கிரீட் கூரைக்கும் நடுவிலும் இதுவே நடக்கும்.

வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறதா? இரண்டு இருந்தால் போதும். ஒன்றை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். சுவரை ஒட்ட வேண்டாம், நாலைந்து விரற்கடை இடைவெளி விடுங்கள். இன்னொன்று பக்கவாட்டில். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். பீரோ கதவைத் திறந்து, தொங்கும் புடவைகள் அறையைப் பார்க்கும்படி விடுங்கள். பிறகு மறுபடி கை தட்டிப் பாருங்கள்.

ஒரு இன்ச் ஃபோம் வாங்காதீர்கள். ஒரு பொருள் நன்றாக ஒலியை உறிஞ்ச, அதன் தடிமன் ஒலியலை நீளத்தில் கால் பங்குக்காவது அருகில் வர வேண்டும். 5 செ.மீ. தடிமன் என்றால் அந்தக் கணக்கு 1,700 ஹெர்ட்ஸ் சுமாருக்கு மேல்தான் பொருந்தும். பின்னால் 5 செ.மீ. காற்றிடம் விட்டால் அது 850 வரை இறங்கும். ஒரு இன்ச் ஃபோமின் தடிமன் அந்த 5 செ.மீ.-ல் பாதிதான். மேல் ஒலியை மட்டும் தின்றுவிட்டு, கீழ் முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். குரல் கம்பளி போர்த்தியது போல் ஆகும். முட்டை அட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மைக் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வைகைக்கரை | திங்கள், காலை 8.30

அண்ணா, அறை முக்கியம்னு ஒத்துக்கறேன். ஆனா மைக்கே முக்கியமில்லங்கற மாதிரி போகுதே. என்டி1-ல செல்ஃப் நாய்ஸ் (மைக்கோட சொந்த இரைச்சல்) வெறும் 4.5 டெசிபல். அந்த அமைதி 58-ல வராது.

பதிவறை | திங்கள், மதியம் 1.20

தம்பி, மைக் முக்கியம்தான். எந்த இடத்துக்கு எது என்பதுதான் கேள்வி.

நீங்கள் சொன்ன 4.5 சரியான எண். ஏடி2020-க்கு 20 டெசிபல். ஆனால் மாடி அறையில், ஃபேனை நிறுத்திய பிறகும், நள்ளிரவிலும் 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது கடினம். தெரு அமைதியே 30-ல் இருக்கும்போது, மைக்கின் சொந்த இரைச்சல் 4.5 ஆக இருந்தாலும் 20 ஆக இருந்தாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது. அந்த அமைதிக்குக் கொடுக்கும் காசு அந்த அறையில் வீண்.

58 தரும் மின் சிக்னல் போதாது என்ற பயமும் வேண்டாம். ஓதுவார் குரல் கோயில் பிராகாரத்தில் மைக் இல்லாமல் பழகிய குரல். 6 அங்குலத்தில் 94 டெசிபல் தாராளமாக வரும். அந்த அளவில் 58 சுமார் 1.85 மில்லிவோல்ட் தரும், எஸ்எம்7பி என்ற இன்னொரு டைனமிக் மைக் 1.12 மில்லிவோல்ட்தான். எஸ்எம்7பி-க்குப் பூஸ்டர் தேடி அலைபவர்கள் மெதுவாகப் பேசுபவர்கள். இவருக்கு 50 டெசிபல் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள எந்தச் சாதாரண இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போதும். ஸ்கார்லெட் சோலோ மூன்றாம் தலைமுறையிலேயே 56 இருக்கிறது.

58 வந்தது 1966-ல். இத்தனை வருடம் தாண்டியும் அது நிற்பதற்குக் காரணம் மேடையில் கீழே விழுந்தாலும் உடையாது என்பது மட்டுமில்லை. நெருங்கிப் பாடும் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்காமல் விடுகிறது. கண்டென்சரை ஒரு அடி தள்ளி வைத்துப் பாடினால்தான் அழகு. ஒரு அடி தள்ளினால் அறையும் உள்ளே வரும். நல்ல அறையில் அது வரம், 10க்கு 10 கான்கிரீட் பெட்டியில் தொல்லை.

தாளம் இன்னொரு காரணம். வெண்கலத் தாளத்தின் முதல் அடி கண்டென்சரில் ஊசி போல் குத்தும்.

தம்புரா | திங்கள், மாலை 5.50

கீழவீதி, உங்க அப்பாவுக்கு என் நமஸ்காரம். நான் வாய்ப்பாட்டு கத்துக்கறேன், என் குருவைப் பதிவு செய்த அனுபவத்துல ஒண்ணு மட்டும் சொல்றேன். மைக்கை விட முதல்ல முடிவு பண்ண வேண்டியது சுருதி எப்படி வரப்போகுதுங்கறது.

சுருதிப் பெட்டி அறையில ஒலிச்சா அது குரலோட சேர்ந்து பதிவாகும். அப்புறம் ஒரு வரியில பிசகுன்னு அந்த வரியை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. தம்பூரா மீட்டல் நடுவுல அறுந்து தாவும், யாருக்கும் காதுல விழும். சுருதியை ஹெட்போன்ல மட்டும் கொடுத்து, பின்னாடி தனியாச் சேர்த்தா வெட்டி ஒட்டறது சுலபம். அதுக்கு மூடின வகை ஹெட்போன் வேணும். திறந்த வகைல சுருதி வெளியே ஒழுகி மைக்குக்குள்ள வந்துடும்.

ஆனா எங்க குரு ஹெட்போனை ரெண்டு நிமிஷத்துல கழட்டி வெச்சுட்டார். "என் குரல் எனக்கு வெளியில கேக்கணும்"னுட்டார். வயசானவங்க பழகின சுருதி காத்துல வர்றது. அதைப் பிடுங்கிட்டா கமகமே மாறுது. நாங்க கடைசியில பெட்டியை மைக்குக்கு நேர் பின்னாடி வெச்சோம். கார்டியாய்ட் மைக்குக்கு (முன்பக்கச் சத்தத்தை முக்கியமா எடுக்கற வகை) முதுகுப்பக்கம் காது மந்தம். சுருதி மெல்லிசா, பின்னணியா மட்டும் வந்தது. பிசகினா வரியை வெட்டாம அந்தப் பாட்டை முழுசாத் திரும்பப் பாடி, ரெண்டு பாட்டுக்கு நடுவுல உள்ள இடைவெளியில மட்டும் ஒட்டினோம்.

அப்பாகிட்டயே கேளுங்க. அவர் எதுல சுகமாப் பாடறாரோ அதுக்கு ஏத்த மாதிரி மத்ததை அமைங்க.

மின்கம்பம் | திங்கள், இரவு 8.10

சின்ன விஷயம். லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டிப் பதிவு பண்ணுங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும்போது பதிவு செய்யாதீங்க, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா "ஊங்"னு இரைச்சல் ஏறும். பிளக் பாயின்ட்ல எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பாதி வீட்டு "மைக் இரைச்சல்" எர்த் இல்லாத இரைச்சல்தான்.

கீழவீதி | வியாழன், இரவு 10.30

எல்லாருக்கும் மனசார நன்றி. சொன்னதையெல்லாம் ஒண்ணொண்ணாச் செஞ்சேன்.

எதுவும் வாங்கல. எங்க தெரு மைக்செட் அண்ணன்கிட்ட ஒரு 58 இரவல் வாங்கினேன், இன்டர்ஃபேஸும் அவருதே. கல்லூரித் தோழி ஒருத்தி ஏடி2020 கொடுத்தா.

மெத்தை ரெண்டு வெச்சதும் கைதட்டல்ல இருந்த "டர்ர்" நின்னுடுச்சு. ஜமக்காளம் போட்டதும் இன்னும் அடங்கிச்சு. விடியக்காலை 4.30க்கு உட்கார்ந்தோம். ஃபேன் இல்ல, கீழ ஃப்ரிட்ஜை அணைச்சுட்டேன். அந்த நேரத்துல அப்பா குரலும் பழக்கத்துல தானாத் திறக்குது.

ஹெட்போனை அப்பா தொடவே மாட்டேன்னுட்டார். தம்புரா அக்கா சொன்ன மாதிரி பெட்டியை மைக்குக்குப் பின்னாடி வெச்சேன்.

58-ஐ அரை அடியில வெச்சப்போ கிணறு போயிடுச்சு. ஏடி2020-ஐ ஒரு அடியில வெச்சப்போ குரல் இன்னும் விரிஞ்சு அழகா இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனா தாளம் குத்துச்சு. பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரும், எங்கேயோ ஒரு பல்லியும்கூட வந்துச்சு.

இப்போ ஒரு பிரச்சினை மட்டும் புரியல. காந்தாரபஞ்சமப் பண் பாடும்போது (கேதாரகௌளை ராகம்தான்) மந்தர நிஷாதத்துல, அதாவது கீழ் ஸ்தாயி 'நி'யில வந்து நின்னா, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் அண்டா மாதிரி முழங்குது. ரெண்டு மைக்லயும் அப்படித்தான். பக்கத்து ஸ்வரங்கள் சரியா இருக்கு. அப்பா அழுத்திப் பாடலைன்னு சத்தியம் பண்றார். ஏன் இப்படி?

பதிவறை | வெள்ளி, காலை 5.50

அப்பா சொல்வது முழு உண்மை. அழுத்துவது அறை.

கணக்கைப் பாருங்கள். 1 கட்டை சுருதி என்றால் மந்தர கைசிகி நிஷாதம் சுமார் 116 ஹெர்ட்ஸ். உங்கள் அறை 10 அடி, அதாவது 3.05 மீட்டர். நம் வெயிலில் ஒலி நொடிக்கு 347 மீட்டர் போகும் என்று வைத்தால், இரண்டு சுவர்களுக்கு நடுவே முதல் அதிர்வு 57 ஹெர்ட்ஸில், இரண்டாவது 114-ல் விழும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்பதால் மூன்று திசையிலும் அதே 114. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நிஷாதம் அதன் மேல் போய் நிற்கிறது. சதுர அறையின் சாபம் இது.

அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அறை நடுவில் என்று நினைக்கிறேன். அந்த 114-க்கு நடு இடம்தான் உச்சம். சுவரிலிருந்து கால் பங்கு தூரத்தில், அதாவது இரண்டரை அடியில், அது ஏறக்குறைய அடங்கிவிடும். அப்பாவின் தலையும் மைக்கும் பின்சுவரிலிருந்து இரண்டரை அடி, பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி வருமாறு பாயை நகர்த்துங்கள். தரையில் உட்கார்ந்தால் வாயின் உயரம் இரண்டரை அடிக்கு அருகில் தானாகவே வந்துவிடும். மெத்தைகளையும் அந்த மூலைச் சுவர்களுக்கே கொண்டு வாருங்கள், சுவர் பக்கத்தில் வந்துவிட்டதால் அங்கேதான் எதிரொலி சீக்கிரம் திரும்பும்.

தாளத்துக்கு: மைக்கை நெற்றி உயரத்தில் வைத்து வாயைப் பார்க்கக் கீழே சாயுங்கள். தாளம் மடியில் இருக்கட்டும். நேர் பக்கவாட்டில் வரும் ஒலியைக் கார்டியாய்ட் 6 டெசிபல் குறைத்துத்தான் எடுக்கும், அதற்கும் பின்னால் போகப் போக இன்னும் குறையும். மைக் உயரத்தில் இருப்பதால் தாளத்துக்கும் மைக்குக்கும் தூரமும் கூடும்.

இன்னொன்று. பாடும்போது அப்பா தலையை ஆட்டுவாரா? 4 அங்குலத்தில் வைத்த மைக்கிலிருந்து 2 அங்குலம் விலகினால் ஒலி மூன்றரை டெசிபல் இறங்கும். ஒரு அடியில் இருந்து அதே 2 அங்குலம் விலகினால் சுமார் 1.3 டெசிபல்தான் இறங்கும். அதனால் 58-ஐ மிக ஒட்டி வைக்க வேண்டாம். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்தால் வரும் ஒரு சாண் அளவு, அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு, சரியாக இருக்கும். ஒட்டி வைத்தால் கீழ் ஒலி தடித்துவிடும் என்ற தொல்லையும் குறையும். குரல் உரக்க ஏறும் இடங்களிலும் பதிவு மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உயரத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

வைகைக்கரை | வெள்ளி, காலை 9.00

அண்ணா, இதைப் படிச்சதும் என் ரூமை அளந்தேன். 11க்கு 10. என் பாட்டுல எல்லாம் ஒரே இடத்துல "பூம்"னு வர்றதுக்கு நான் மூணு வருஷமா ஈக்யூவை (கீழ் ஒலி, மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கறது) திருகிட்டிருந்தேன். சாயந்திரம் நாற்காலியை நகர்த்திப் பார்க்கறேன்.

மானிட்டர் ஸ்பீக்கர் பத்திச் சொல்லுங்க. கீழவீதி அக்காவுக்கு வேணுமா?

பதிவறை | வெள்ளி, மதியம் 12.40

இப்போது வேண்டாம். பாடுபவருக்கு அறை செய்த கெடுதலை, அதே அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பவருக்கும் செய்யும். யமஹா எச்எஸ்5 நல்ல ஸ்பீக்கர். ஆனால் இந்தப் பெட்டியில் வைத்து நடுவில் உட்கார்ந்து கேட்டால் 114 முழங்கும். அதைப் பார்த்து நீங்கள் பதிவில் அந்த இடத்தை வெட்டுவீர்கள். பிறகு வேறு வீட்டில் கேட்டால் நிஷாதம் மெலிந்து போயிருக்கும். பதிவில் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தது போல.

ஹெட்போனுக்கு அறை கிடையாது. ஒன்றே ஒன்று வாங்கும் நிலையில் மூடிய வகையே வாங்குங்கள். சோனி எம்டிஆர்-7506, ஏடிஎச்-எம்40எக்ஸ் இரண்டும் நம்பிக்கையானவை. 7506-ன் சுருள் வயர் கழற்ற முடியாதது, எம்40எக்ஸ் வயர் கழன்று வரும். தினமும் கையாளும் வீட்டில் அது ஒரு நன்மை. 250 ஓம் ஹெட்போன்களைத் தவிருங்கள், சின்ன இன்டர்ஃபேஸில் சத்தம் போதாது.

ஹெட்போனில் முடிவு செய்த பிறகு, டிவியிலும் காரிலும் சாதாரண போனிலும் ஒருமுறை ஓட்டிக் கேளுங்கள். பாட்டின் சொல் புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தேவாரத்துக்கு அதை விட முக்கியமான சோதனை இல்லை.

தம்புரா | வெள்ளி, மாலை 6.20

கண்டென்சர் யாராவது வாங்கினா ஒரு வார்த்தை. கடலோர ஊர்ல இருக்கற நாங்க பட்ட பாடு. ஐப்பசி மழையில ஈரம் ஏறி படபடன்னு வெடிக்கற மாதிரி சத்தம் வந்தது. பதிவு முடிஞ்சதும் இறுக்கி மூடற டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு வைங்க. 58-க்கு இந்தக் கவலையில்ல.

கீழவீதி | ஞாயிறு, காலை 7.15

இன்னிக்குப் பதிவு முடிச்சுட்டு அப்பா இப்போதான் மாடியில இருந்து கீழ வந்தார். எழுதியே ஆகணும்னு உட்கார்ந்தேன்.

நேத்து விடியக்காலை பாயை மூலைக்கு நகர்த்தினோம். டேப் வெச்சு இரண்டரை அடி அளந்து, சாக்பீஸ்ல தரையில கோடு போட்டேன். பின்னாடி ஒரு மெத்தை, பக்கத்துல ஒரு மெத்தை. மைக் நெற்றிக்கு மேல, கீழ பார்த்த மாதிரி. அதே காந்தாரபஞ்சமம், அதே நிஷாதம். முழக்கம் இல்ல. ஸ்வரம் வந்து நிக்குது, மத்த ஸ்வரங்களோட ஒண்ணா நிக்குது. ரெண்டு பதிவையும் மாத்தி மாத்தி அஞ்சு தடவை கேட்டேன், ஒரே மைக், ஒரே அறை, நாலு அடி நகர்ந்ததுக்கு இவ்வளவு வித்தியாசமான்னு நம்ப முடியல.

வாங்கினது: 58 ஒண்ணு, இன்டர்ஃபேஸ், எம்40எக்ஸ், ஸ்டாண்ட், வயர். பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சது. ஸ்பீக்கரும் ஃபோமும் வேண்டாம்னு கடையில சொல்லிட்டேன்.

வைகைக்கரை தம்பி, உங்க பேச்சையும் விட்டுடல. தாளம் இல்லாம சுத்தாங்கமாப் பாடறப்போ தோழியோட ஏடி2020-ஐ அதே மூலையில வெச்சு எடுத்தேன். மெத்தைக்கு நடுவுல அது வேற மைக் மாதிரி இருக்கு. ஒரு சொல்லை முடிச்சு அடுத்த சொல்லுக்கு மூச்சு வாங்கறது வரைக்கும் கேட்குது. சுத்தாங்கத்துக்கு அது, தாளத்தோட பாடற பண்ணாங்கத்துக்கு 58னு வெச்சுக்கப் போறேன். தோழி ஒரு மாசம் வெச்சுக்கோன்னு சொல்லியிருக்கா.

ராத்திரி அப்பாவை உட்கார வெச்சு ஹெட்போனை மாட்டி விட்டேன். பாடறதுக்குத்தான் வேண்டாம்னார், கேட்கறதுக்குச் சரின்னார். கண்ணை மூடிக்கிட்டு பதிகம் முழுசும் கேட்டார். ஒண்ணும் சொல்லல. ஹெட்போனைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, "ஆறாவது பாட்டுல ரெண்டாம் அடியில சீர் பிரிச்சது தப்பு. எங்க ஐயா அப்படிச் சொல்லிக் கொடுக்கல. அதை மறுபடி எடுக்கணும்"னார். 60 வருஷத்துக்கு முன்னாடி படிச்ச பாடம்.

இன்னிக்கு அந்த ஆறாவது பாட்டை முழுசா எடுத்தாச்சு. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டேன். நாளைக்கு நட்டபாடைப் பண்.